ஹார்ட் ரேட் ஒரு கணக்கு, பவர் ஒரு கணக்கு: ட்ரெயினிங் லோடுக்கு எதை எடுப்பது?

காலைச்சக்கரம் (சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். திருவான்மியூரில் இருக்கிறேன், வயது 41. வருகிற டிசம்பரில் 300 கிலோமீட்டர் பி.ஆர்.எம். (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ரைடு) முடிக்க வேண்டும் என்று பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன். வார நாட்களில் வீட்டில் ஸ்மார்ட் ட்ரெயினர் (வண்டியை ஒரே இடத்தில் மாட்டி ஓட்டும், பவரையும் அளக்கும் கருவி), ஞாயிறு விடியற்காலையில் ஈ.சி.ஆர். வெளியே ஓட்டும் வண்டியில் பவர் மீட்டர் (மிதிக்கும் பவரை வாட்ஸில் அளக்கும் கருவி) கிடையாது, மார்பில் கட்டித் துடிப்பை அளக்கும் செஸ்ட் ஸ்ட்ராப் மட்டும்தான்.

ஒரு நண்பர் தன் பவர் பெடலைச் சில வாரங்களுக்கு இரவல் கொடுத்தார். அதனால் ஒரே ரைடுக்கு இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. குழப்பமும் அங்கேதான் ஆரம்பித்தது.

மே மாத ஞாயிறு ஒன்றில் மாமல்லபுரம் தாண்டிப் போய்த் திரும்பினேன். 4 மணி நேரம், நார்மலைஸ்டு பவர் (கடினமான நிமிடங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்த சராசரி பவர்) 140 வாட்ஸ். என் எஃப்.டி.பி. (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய பவர், அதாவது த்ரெஷோல்டு) 210. பவரை வைத்து ஆப் சொன்ன லோடு (ரைடு எவ்வளவு சுமை என்று காட்டும் எண்) 178, ஹார்ட் ரேட்டை வைத்துச் சொன்னது 215. முழு ரைடின் சராசரித் துடிப்பு 143. முதல் மணி நேரத்தில் 134, அப்புறம் 140, 146, கடைசி மணியில் 152. பவர் கடைசிவரை ஏறக்குறைய ஒரே சீர்.

சரி, ஹார்ட் ரேட் கூட்டித்தான் காட்டும்போல என்று நினைத்தால், அந்த வாரச் செவ்வாய்க்கிழமை ட்ரெயினரில் செய்த இன்டர்வலுக்குக் கதை தலைகீழ். 252 வாட்ஸில் 3 நிமிடம், 3 நிமிட ஓய்வு, இப்படி 5 முறை, வார்ம் அப் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். பவர் 74 என்கிறது, ஹார்ட் ரேட் 52 என்கிறது.

ஆப்பில் போட்டிருப்பது: அதிகபட்சத் துடிப்பு 185, ஓய்வுத் துடிப்பு 55, த்ரெஷோல்டு துடிப்பு (எஃப்.டி.பி. அளவில் ஓட்டும்போது இருக்கும் துடிப்பு) 168. மூன்றும் அளந்து பார்த்துப் போட்டவை.

இதில் எதை நம்புவது? பெடலைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் வார நாட்களுக்குப் பவர், ஞாயிறுக்கு ஹார்ட் ரேட் என்று ஒரே ஃபிட்னஸ் கிராஃபில் கலக்கலாமா? இல்லை, பவர் மீட்டர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

---

வாட்ஸ் மட்டும் (பெங்களூரு)

பவர்தான் நண்பரே. லோடு கணக்குக்கு ஹார்ட் ரேட்டை விட்டுவிடுங்கள். காபி குடித்தால் ஏறும், தூக்கம் கெட்டால் ஏறும், ஆபீஸில் சண்டை என்றால் ஏறும், வெயிலுக்கு ஏறும். 200 வாட்ஸ் என்றால் மே மாதமும் 200 வாட்ஸ், டிசம்பரிலும் 200 வாட்ஸ். ஒரு பக்க கிராங்க் பவர் மீட்டராவது வாங்கிவிடுங்கள். இடது காலை அளந்து இரண்டால் பெருக்கிக் காட்டும். இரண்டு காலும் சரிசமமாக இல்லாவிட்டாலும் ஒரே ஆளின் ஒரே வண்டியில் வாரா வாரம் ஒப்பிட அது போதும். ரைடுக்கு முன் வண்டியை வெளியே கொஞ்ச நேரம் நிறுத்தி, வெளி வெப்பநிலைக்கு வந்ததும் ஜீரோ ஆஃப்செட் (மிதிக்காதபோது மீட்டர் பூஜ்ஜியம் காட்டும்படி சரிசெய்வது) செய்துகொள்ள மறக்காதீர்கள். ஏ.சி. அறையிலிருந்து நேரே எடுத்துக்கொண்டு கிளம்பினால் அளவு தள்ளிப்போகும்.

---

கல்லாறு கியர் (மேட்டுப்பாளையம்)

வணக்கம்ங்க. உங்கள் எண்களிலேயே பதில் இருக்கிறது. கணக்கோடு எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் பவர் பக்கம். உடற்பயிற்சி விஞ்ஞானி ஆண்ட்ரூ காகன் கொடுத்த டி.எஸ்.எஸ். (ட்ரெயினிங் ஸ்ட்ரெஸ் ஸ்கோர்) முறையில், எஃப்.டி.பி.யில் ஒரு மணி நேரம் ஓட்டினால் 100. உங்கள் ரைடில் 140-ஐ 210-ஆல் வகுத்தால் 0.667. அதன் வர்க்கம் 0.444. நான்கு மணி நேரம், நூறால் பெருக்கினால் 178. அவ்வளவுதான். இந்தக் கணக்குக்கு உங்கள் உடம்புக்குள் என்ன நடந்தது என்பது தெரியாது. பெடலில் என்ன வந்தது என்பது மட்டும்தான் தெரியும்.

ஹார்ட் ரேட் பக்கம் இதைவிடப் பழையது. கனடாவில் உடலியல் ஆய்வாளர் எரிக் பானிஸ்டர் உருவாக்கிய ட்ரிம்ப் (ட்ரெயினிங் இம்பல்ஸ்) கணக்குதான் இன்றைக்குப் பல ஆப்களுக்கு அடித்தளம். ஓய்வுத் துடிப்புக்கும் அதிகபட்சத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறீர்கள் என்று முதலில் பார்ப்பார்கள். உங்களுக்கு அந்த இடைவெளி 130. சராசரி 143 என்றால் ஓய்விலிருந்து 88 துடிப்பு மேலே, அதாவது 0.677. இதை நிமிடங்களால் பெருக்கி, துடிப்பு ஏற ஏற வேகமாகப் பெருகும் ஓர் எடையையும் சேர்ப்பார்கள். ஆண்களுக்கான எடையைப் போட்டால் 143-இல் ஒரு நிமிடத்துக்கு 1.59 புள்ளி, உங்கள் த்ரெஷோல்டான 168-இல் நிமிடத்துக்கு 2.95. த்ரெஷோல்டில் ஒரு மணி நேரம் 177 புள்ளி, அதை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் 240 நிமிடத்துக்கு 382 புள்ளி. வகுத்தால் 215 பக்கம் வருகிறது. ஆப் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது.

இப்போது இதைப் பாருங்கள். முதல் மணி நேரத்தின் 134 கடைசிவரை அப்படியே நின்றிருந்தால் நிமிடத்துக்கு 1.25 புள்ளிதான். நான்கு மணி நேரத்துக்கு 169. பவர் சொன்ன 178-க்கும் இதற்கும் இருக்கும் வித்தியாசம் ஐந்து சதவீதம்தான். ஆக, ஆரம்பத்தில் இரண்டு முறைகளும் ஒத்துத்தான் போயிருக்கின்றன. அவற்றைப் பிரித்தது ஏழு மணிக்கு மேல் ஏறிய வெயில்.

140 வாட்ஸ் பெடலுக்குப் போகிறதென்றால் உடம்பு எரிக்கும் சக்தியில் அது கால் பங்குகூட இல்லை. மீதி, சுமார் 500 வாட்ஸ், சூடாகத்தான் வெளியேற வேண்டும். சென்னை மே மாதத்தில், கடலோர ஈரக்காற்றில், வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. தோலுக்கு ரத்தம் அதிகமாகப் போகிறது, வியர்வையால் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தம் குறைகிறது. கால் அதே ரத்தத்தைக் கேட்கும். வேறு வழியில்லாமல் துடிப்பு ஏறுகிறது. முதல் பாதியில் உங்கள் சராசரி 137, இரண்டாம் பாதியில் 149. அதே பவருக்கு இது எட்டு சதவீத நகர்வு. ஜோ ஃப்ரீல் போன்ற பயிற்சியாளர்கள் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் அந்த வேகத்துக்கு அடித்தளம் பலமாக இருக்கிறது என்பார்கள். ஆனால் சென்னை மே மாதத்தில் வந்த எட்டைப் பார்த்து உங்கள் அடித்தளம் பலவீனம் என்று நான் சொல்ல மாட்டேன். அதே ரைடைத் தை மாதத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் கூடுதலாக வந்த 37 புள்ளி பொய்யா? இல்லை. இதயம் உண்மையாகவே அவ்வளவு உழைத்தது. திங்கட்கிழமை உடம்பு அசந்து கிடந்திருக்கும், அதற்கான கணக்கு அந்த 37-இல் இருக்கிறது. ஆனால் காலின் தசைகள் 215-க்கான வேலையைச் செய்யவில்லை, 178-க்கான வேலையைத்தான் செய்தன. இரண்டு எண்களும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. பவர் சொல்வது செய்த வேலை, துடிப்பு சொல்வது அந்த வேலைக்கு உடம்பு கொடுத்த விலை.

செவ்வாய்க்கிழமை இன்டர்வல் ஏன் தலைகீழ் என்றால், இதயம் தாமதமாகத்தான் வந்து சேரும். 252 வாட்ஸுக்கு நீங்கள் தாவிய நொடியிலேயே பவர் 252. துடிப்பு மேலே வந்து நிற்பதற்குள் மூன்று நிமிடத்தில் பாதி போய்விடும். ஓய்வில் மெதுவாக இறங்கும், அதில் கொஞ்சம் ஈடாகும், ஆனால் முழுதாக ஆகாது. இன்னொரு பக்கம், நார்மலைஸ்டு பவர் 30 நொடிச் சராசரிகளை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, சராசரி எடுத்து, பிறகு நான்காம் மூலம் காண்கிறது. பவர் ஏறும்போது ரத்தத்தில் லாக்டேட் எப்படிச் சட்டென்று பெருகுகிறது என்பதைப் பார்த்து வைத்த அடுக்கு அது. கடினமான நிமிடங்களுக்கு அதில் பெரிய எடை கிடைக்கிறது. அதனால் இன்டர்வல் நாளில் 74-ஐ நம்புங்கள். 30 நொடி ஸ்பிரின்ட் மாதிரி இன்னும் குறுகிய வேலை என்றால் ஹார்ட் ரேட் லோடைப் பார்க்கவே வேண்டாம்.

இனி கலக்கலாமா என்ற கேள்வி. நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஃபிட்னஸ் கோடு என்று ஆப் காட்டுவது 42 நாள் சராசரி, களைப்பு என்று காட்டுவது 7 நாள் சராசரி. ஒவ்வொரு ஞாயிறும் 37 புள்ளி கூடுதலாக விழுந்தால் நாளொன்றுக்கு ஐந்து புள்ளிக்கு மேல். கோடை போகப் போக உங்கள் ஃபிட்னஸ் கோடு ஐந்து புள்ளி உயரும், பயிற்சி ஒரு துளிகூடக் கூடாமலே. அப்புறம் மழை முடிந்து மார்கழி வந்ததும் அதே ரைடுக்கு 170தான் வரும். கோடு சரியும். உங்கள் பி.ஆர்.எம். சமயத்தில், நீங்கள் நல்ல நிலையில் இருக்கும்போது, ஃபிட்னஸ் போய்விட்டது என்று ஆப் சொல்லும். பயந்துபோய்க் கடைசி இரண்டு வாரம் அதிகமாக ஓட்டிக் களைத்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. பயிற்சியால் உடம்பு தேறினால் அதே 140 வாட்ஸுக்குத் துடிப்பு 134-லிருந்து 128-க்கு இறங்கும். ஹார்ட் ரேட் லோடும் இறங்கும். நீங்கள் முன்னேறியதற்கு ஆப் கொடுக்கும் பரிசு, இறங்கும் கோடு.

"வாட்ஸ் மட்டும்" நண்பருக்கு: 200 வாட்ஸ் எப்போதும் 200 வாட்ஸ்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லோடு என்பது வாட்ஸ் அல்ல, எஃப்.டி.பி.யால் வகுத்து வர்க்கமாக்கிய எண். எஃப்.டி.பி.யை ஐந்து சதவீதம் கூட்டிப் போட்டால் லோடு ஒன்பது சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். 20 நிமிடச் சோதனையின் சராசரியில் 95 சதவீதம் என்று எடுக்கும் எஃப்.டி.பி. ஒரு மதிப்பீடுதான். ஃபேன் வைத்த குளிர் அறையில் எடுத்த 210, மே மாதக் காலை ஒன்பது மணிக்கு ஈ.சி.ஆரில் அதே ஆளின் உண்மையான த்ரெஷோல்டு இல்லை. வெயிலில் அது குறையும். அந்தக் குறைவைப் பவர் மீட்டர் காட்டாது, துடிப்புதான் காட்டும். அதனால்தான் துடிப்பை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாங்கித்தான் ஆக வேண்டுமா? 300 கிலோமீட்டர் பி.ஆர்.எம். என்பது 20 மணி நேரக் கெடு உள்ள நிதானமான வேலை. ஹார்ட் ரேட் லோடு நன்றாக வேலை செய்வதே இப்படிப்பட்ட நீண்ட, சீரான ரைடுகளில்தான். காசு இருந்தால் வாங்குங்கள், இல்லையென்று பயிற்சி கெட்டுப்போகாது.

மீட்டர் இல்லாமல் பவரைத் தெரிந்துகொள்ள மலை ஒரு வழி. சமவெளியில் காற்றுதான் பெரும்பங்கு, அதை ஊகிக்க முடியாது. ஏற்றத்தில் பெரும்பங்கு எடையும் உயரமும். எங்கள் ஊரிலிருந்து கோத்தகிரி சுமார் 1,450 மீட்டர் ஏற்றம். நானும் வண்டியும் தண்ணீரும் சேர்த்து 82 கிலோ. 2 மணி 10 நிமிடத்தில் ஏறினால், எடையை 9.81-ஆலும் உயரத்தாலும் பெருக்கி, 7,800 நொடியால் வகுத்தால் 150 வாட்ஸ். டயர் உராய்வு, காற்று, செயின் இழப்பு என்று 40 சேர்த்தால் 190 பக்கம். நேரத்தையும் துடிப்பையும் சேர்த்து எழுதி வைத்தால், என் துடிப்பு எந்தப் பவருக்கு எங்கே நிற்கிறது என்று வருடா வருடம் பார்க்க முடிகிறது. சென்னையிலிருந்து போய்வர ஏலகிரி இருக்கிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவு, இந்தக் கணக்குக்கு அது போதும்.

---

காவிரிக்கரை (திருச்சி)

கல்லாறு அண்ணா சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். நான் பவர் மீட்டர் இல்லாமல் ஹார்ட் ரேட் மட்டும் வைத்துச் சூப்பர் ரேண்டனர் (ஒரே சீசனில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பி.ஆர்.எம்.கள்) முடித்தவள், பிசியோதெரபி வேலை.

பெண்கள் யாராவது இதைப் படித்தால்: பானிஸ்டரின் கணக்கில் அந்த எடையைக் கணக்கிட ஆண்களுக்கு 0.64, 1.92 என்ற எண்கள், பெண்களுக்கு 0.86, 1.67. ஆப்பில் பாலினம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். "220-லிருந்து வயதைக் கழி" என்று ஆப் தானாகப் போட்ட அதிகபட்சத் துடிப்பையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். இந்தக் கேள்வி கேட்டவருக்கே அந்த வழியில் 179 வந்திருக்கும், உண்மையில் அவருக்கு 185. பத்துப் பன்னிரண்டு துடிப்பு தள்ளிப் போகிறவர்களும் நிறைய. த்ரெஷோல்டுக்கு ஃப்ரீலின் சோதனை எளிது: தனியாக 30 நிமிடம் முழு மூச்சாக ஓட்டி, கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பை எடுங்கள். மணிக்கட்டு வாட்சில் வேண்டாம், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கையில் சாலை அதிர்வுக்கு அது தடுமாறும். செஸ்ட் ஸ்ட்ராப்பின் பட்டையைக் கிளம்பும்முன் தண்ணீரில் நனையுங்கள், முதல் பத்து நிமிடக் கோளாறு பெரும்பாலும் காய்ந்த பட்டையால்தான்.

இரண்டாவது, எந்தக் கருவியும் இல்லாத ஒரு முறை இருக்கிறது, யாரும் மதிப்பதில்லை. உடற்பயிற்சி விஞ்ஞானி கார்ல் ஃபாஸ்டர் சொன்னது. ரைடு முடிந்து அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் கொடுத்து, நிமிடங்களால் பெருக்க வேண்டும். 240 நிமிடம், கஷ்டம் 4 என்றால் 960. டி.எஸ்.எஸ்.ஸோடு ஒப்பிடக் கூடாது, அதற்குள்ளேயே வாரத்துக்கு வாரம் ஒப்பிட வேண்டும். ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்கு ஹார்ட் ரேட் லோடு பொருந்தவே பொருந்தாது, மாத்திரை துடிப்பை அடக்கி வைத்திருக்கும். என்னிடம் வரும் அப்படிப்பட்ட ரைடர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். அவர்கள் துடிப்பை ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு ஏற்ற முயன்று வருத்திக்கொள்ளவே கூடாது.

இன்னும் ஒன்று. வழக்கமான பவருக்கு, வழக்கமான வானிலையில், துடிப்பு பத்துக்கு மேல் கூடி நின்றால் அதை லோடு என்று பார்க்காமல் காய்ச்சல் வரப்போகிறதோ, தூக்கம் போதவில்லையோ என்று பாருங்கள். அன்றைக்குத் திரும்பிவிடுவதில் எந்த நஷ்டமும் இல்லை.

---

காலைச்சக்கரம் (சென்னை)

மிக்க நன்றி அண்ணா, நன்றி அக்கா. முதல் மணி நேரத்தை மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. 178-ஐ 215-ஆல் வகுத்தால் 0.83 வருகிறது. ஞாயிறு ஹார்ட் ரேட் லோடை எல்லாம் 0.83-ஆல் பெருக்கிக் கிராஃபில் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா?

---

கல்லாறு கியர் (மேட்டுப்பாளையம்)

மே, ஜூன் மாதங்களுக்கு, அதே நேரத்தில் கிளம்பி அதே மாதிரி நிதானமாக ஓட்டும் ரைடுகளுக்கு மட்டும் போடலாம். இதே எண்ணை டிசம்பருக்குக் கொண்டுபோனால் லோடைக் குறைத்துக் காட்டும். வெயிலுக்கு உடம்பு பழகவே பத்துப் பதினைந்து நாள் போதும், ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி அதே வேலைக்குத் துடிப்பு இறங்கும். அப்போதே உங்கள் 0.83 மாறிவிடும்.

அதைவிட நம்பிக்கையான வழி இருக்கிறது. ஞாயிறு ரைடுக்கு முதல் மணி நேரத்தின் துடிப்பை வைத்து முழு ரைடின் லோடைக் கணக்கிட்டு, அதைக் கையால் ஆப்பில் எழுதுங்கள். உங்கள் மே ரைடுக்கு 169 வந்தது, பவரோடு ஒட்டிப் போகிறது. முதல் மணி நேரத்தில் வார்ம் அப் பதினைந்து நிமிடத்தைக் கழித்துவிட்டால் இன்னும் நெருங்கும். பின்னால் வேகத்தை மாற்றாமல் சீராக ஓட்டினால்தான் இது செல்லும். குழுவோடு போய் மாறி மாறி இழுக்கும் நாளில் செல்லாது. ஆப் தானாகப் போட்ட 215-ஐ அழிக்காமல் குறிப்பில் வைத்திருங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும் வாரத்தில் செவ்வாய் இன்டர்வலைப் புதனுக்குத் தள்ளுங்கள்.

---

வாட்ஸ் மட்டும் (பெங்களூரு)

எஃப்.டி.பி. வர்க்கமாகும் விஷயம் நியாயம். என் 20 நிமிடச் சோதனையும் ட்ரெயினர் அறையில் எடுத்ததுதான், வெளியே ஒன்று எடுக்கிறேன். ஒரு கேள்வி விட்டுப்போகிறது: காலைச்சக்கரத்தின் 210 ட்ரெயினரின் அளவு, ஞாயிறு 140 பெடலின் அளவு. இரண்டு கருவியும் ஒத்துப்போகிறதா என்று யார் பார்த்தது?

---

கல்லாறு கியர் (மேட்டுப்பாளையம்)

நல்ல கேள்வி, நானே எழுதியிருக்க வேண்டியது. ட்ரெயினர் பின் சக்கரத்தின் இடத்தில் அளக்கிறது, பெடல் காலடியில். செயினில் போவது மட்டுமே இரண்டு மூன்று சதவீதம், அதற்கு மேல் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் விலகல். பெடலைத் திருப்பிக் கொடுப்பதற்குள் அதை ட்ரெயினர் வண்டியில் மாட்டி, ட்ரெயினரை ஒரு கருவியிலும் பெடலை இன்னொன்றிலும் பதிவு செய்துகொண்டு, 120, 160, 200 வாட்ஸில் பத்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ட்ரெயினர் நன்றாகச் சூடான பிறகு. மூன்று இடத்திலும் வரும் வித்தியாசத்தை இங்கே போடுங்கள், 178-ஐ அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.